அண்ணத்தில் ஒட்டிய பல்செட்

மத்தியானத் தூக்கம் கலைந்தபோது வாய் காய்ந்து, மேல் பல்செட் அண்ணத்தோடு ஒட்டிக்கிடந்தது. கழற்றி வைத்துவிட்டுத் தூங்கச் சொல்லியிருந்தான் பல் டாக்டர். நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. கிண்ணத்தில் போட்டு வைத்தால் வீடு கூட்டுகிறவள் சாக்கடையில் கொட்டிவிடுவாள் என்று போட்டுக்கொண்டே படுத்தேன்.

விரலை விட்டு இழுத்தேன். அசையவில்லை. இன்னும் இழுத்தால் சதையும் சேர்ந்து வந்துவிடும்போல எரிந்தது. விரலில் ரத்தம். மகளைக் கூப்பிட்டேன், நாக்கு புரளாமல் வெறும் காற்றுதான் வந்தது. அவளோ அடுத்த அறையில் மருமகனிடம், "டிவியை அணைச்சதுக்கு அப்பாவுக்குக் கோபம். இன்னிக்கு முழுக்க மௌன விரதந்தான்," என்று சிரித்தாள்.

இப்படியே போய்ச் சேர்ந்தாலும் கோபம் என்றுதான் நினைப்பார்கள். பயத்தில் கட்டிலைப் படபடவென்று அடித்தேன். ஓடி வந்தவள் ரத்தத்தைப் பார்த்து வெளிறிப்போய் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"இழுக்கக் கூடாதாம்ப்பா. தண்ணிய வாயில வச்சு ஊற விடணுமாம். பிரஷர் மாத்திரையாலகூட வாய் காயுமாம். நீங்களா நிறுத்திடாதீங்க, நாளைக்கு வரச் சொல்றார்."

மூன்றாவது வாய்த் தண்ணீரில் பல்செட் கழன்று மடியில் விழுந்தது. அப்போதுதான் அழுதேன்.

இப்போது அது கட்டிலுக்குப் பக்கத்தில் கிண்ணத்துத் தண்ணீரில் கிடக்கிறது. கிண்ணத்தின் மேல் கையை வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். ஆனால் கண்ணை மூடினாலே, வாய் காய்கிறதா என்று நாக்கு அண்ணத்தைத் தடவிப் பார்க்கிறது.