ஒளி எண்ணும் பெட்டி

ஒளியை ஒவ்வொரு துகளாக எண்ணுகிற பெட்டி அது. வடக்கே ஏதோ ஒரு பெரிய ஆய்வகத்திலிருந்து இரவலாகக் காரைக்குடியில் ஒரு கல்லூரிக்கு வந்திருந்தது. அதில் வேலை பழகப் பயிற்சிக்கு வந்தவர்கள் அதைக் கைக்குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டார்கள். அதன் குணம் அப்படி. இருட்டில்தான் வேலை செய்யும். மின்னழுத்தம் ஏறியிருக்கும்போது உள்ளே அறை வெளிச்சம் பட்டால் தீர்ந்தது கதை. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டு, கருவிகளில் மினுக்குகிற பொட்டு விளக்குகளின் மேலெல்லாம் டேப் ஒட்டியிருந்தார்கள்.

அர்ஷியாவுக்கு அந்த வேலை சட்டென்று பிடிபட்டுவிட்டது. எம்.எஸ்சி. முடித்து வீட்டில் கிடந்தவள். "எதுக்கும்மா இம்புட்டுப் படிச்சே?" என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை. பெட்டிக்குள் ஒளியைக் கொண்டுபோகிற, முடி கனத்தில் இருக்கும் கண்ணாடி இழையைப் பொருத்த மற்றவர்கள் திணறியபோது அவள் கை மட்டும் பதறவில்லை. மதியம், பயிற்சி நடத்துகிற நவநீதகிருஷ்ணன் சார் அவளைக் கூப்பிட்டார்.

"என் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஆள் வேணும். நாளைக்குப் பயிற்சி முடியவும் ஆர்டர் தாரேன், வந்துரும்மா."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். ஒரு நாள் பொறுத்திருக்கலாம்தான். அந்த இடத்தில் யார் பொறுப்பார்கள்?

சாயங்காலம் சார் டீ குடிக்கப் போயிருந்தார். கூடப் பயிற்சி எடுக்கும் ஆசைத்தம்பி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கணினித் திரையில் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணிக்கை குறைந்தது. இழையில் தூசி இருக்குமென்று அர்ஷியா பெட்டியின் மூடியைத் திறந்தாள். இருட்டுக்குள் திறந்தால் பாதகமில்லை. சாரும் அப்படித்தான் செய்வார். துடைக்கிற துணி கதவோர அலமாரியில் இருந்தது. தடவித் தடவி அங்கே போனாள்.

அப்போது பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது. பாங்கு முடிவதற்குள் வீட்டில் எந்த அறையும் இருட்டாகக் கிடக்கக் கூடாது. அவளுடைய அம்மா ஹாஜிராவின் சட்டம் அது. விவரம் தெரிந்த நாளிலிருந்து விளக்குப் போடுவது அர்ஷியாவின் வேலை. கை தன்பாட்டுக்குச் சுவருக்குப் போய் சுவிட்சைத் தட்டிவிட்டது.

"ஏய்! என்ன பண்ணே?" என்று ஆசைத்தம்பி அலறியபோதுதான் அறை முழுக்க வெளிச்சமாக இருப்பதை அவள் பார்த்தாள்.

உடனே அணைத்தாள், மூடினாள். பிரயோஜனமில்லை. கும்மிருட்டிலும் எண்ணிக்கை லட்சக்கணக்கில் ஏறிக்கொண்டே போனது. பெட்டி இல்லாத ஒளியை எண்ணிக்கொண்டிருந்தது.

"கரண்ட் போயிட்டு வந்துச்சு, அதுல போயிருச்சுன்னு சொல்லிருவோம்" என்றான் ஆசைத்தம்பி. நல்ல பையன். அவள் தலையாட்டி மறுத்துவிட்டாள்.

சார் வந்ததும், "நாந்தான் சார் லைட்டப் போட்டேன்" என்றாள்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கணினித் திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மத்தவுகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவளே நீதானேம்மா. ஏன் போட்டே? எதாச்சும் ஒரு காரணம் சொல்லு. நான் மேல எழுதணும்."

காரணம் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் சார் புரிந்துகொள்வார், நல்ல மனுஷர். ஆனால் எழுதப்போவது மேலே. அங்கே இருப்பவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது. பாங்கு என்ற சொல்லையும் அர்ஷியா என்ற பேரையும் அவர்கள் சேர்த்துப் படிப்பார்கள். கை செய்த தப்பு அவளோடு நிற்காது. இனி இப்படியொரு பேரோடு எந்தப் பெண் விண்ணப்பித்தாலும் அவள் தலையில் விடியும்.

"தெரியல சார்."

"தெரியலையா?"

"தெரியல."

அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காரணம் தெரிஞ்சா அடுத்த தடவ தடுத்துக்கலாம். ஏன் செஞ்சோம்னே தெரியலன்னா நான் எத நம்பிம்மா உன்னைய உள்ள விடுறது?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெரு திரும்புவதற்குள் அழுதுவிடலாமென்று வேகமாக நடந்தாள். அதற்கும் வழியில்லை. அடுத்த வீட்டு சொர்ணவல்லி எதிரே வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"வேலை கெடச்சிருச்சாமே! ஒங்க அம்மா தெரு பூராம் இனிப்புக் குடுத்துட்டாக."