தெளிந்த பாட்டில்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. பள்ளிக்கூட ஆசிரியையான என் அக்கா சொன்னாள், நான் சுட்டுக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கருங்கண்ணீரைச் சுமந்தபடி ஒரு கால்வாய்..."

(வேண்டாம். கால்வாய் அழவில்லை, நாறியது. அவ்வளவுதான்.)

2

அக்கா பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தாள். அவரவர் வீட்டருகே கால்வாயில் தண்ணீர் பிடித்துவர வேண்டும். பாட்டிலுக்குப் பின்னால் எழுத்து அட்டையை வைத்து, எத்தனை வரி தெரிகிறதோ அத்தனை உயரத்தில், சுவர் வரைபடத்தில் தன் இடத்துக்கு நேரே புள்ளி வைக்க வேண்டும்.

"மழை வருமா, பஸ் எப்ப வரும்னு போன்ல பாக்குறோமே, அதெல்லாம் யாரோ இப்படிப் பாத்துப் பாத்துக் குறிச்சதுதான். நம்ம படம் நகராட்சிக்குப் போகப்போகுது!"

கால்வாய் போகப் போகப் புள்ளிகள் இறங்கின. ஒன்று மட்டும் உச்சாணிக்கொம்பில் உட்கார்ந்திருந்தது. அது வாயாடியுடையது. (வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர். அன்று வாயே திறக்கவில்லை.) அவள் அப்பா அந்த இடத்தில்தான் வண்டி கழுவும் கடை வைத்திருக்கிறார்.

3

குழாய்த் தண்ணீரைப் பிடித்து வந்துவிட்டாள் என்று எழுதினேன். அக்கா அந்த வரியை அடித்துவிட்டாள்.

"கால்வாய்த் தண்ணிதான்டா. அசையாம வெச்சு, தெளிஞ்சதும் மேலாக மட்டும் ஊத்திட்டு வந்திருக்கா. பொய் சொல்லலையாம்!"

எனக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது.

"மிச்சம் எங்க கண்ணு?" என்று அக்கா அவளிடம் கேட்டாளாம்.

"வீட்ல இருக்கு மிஸ். அடியில ஒரே கறுப்புச் சேறு. அதைக் கலக்கிப் புள்ளி வெச்சா எங்க கடையை மூடிடுவாங்களா?"

அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தெரியலையே. மிச்சத்தையும் எடுத்துட்டு வா. ஆனா புள்ளியை நீதான் வைக்கணும். நான் வாயே திறக்க மாட்டேன்."

4

முடிவு ஒன்று: அப்பா மனம் திருந்தி, கழிவுத் தண்ணீருக்குத் தொட்டி கட்டி...

("தொட்டி கட்ட நீ காசு குடுக்கிறியா?" — அக்கா.)

முடிவு இரண்டு: கடை மூடப்பட்டது. அந்தக் குழந்தை

(இதற்கு மேல் கை ஓடவில்லை.)

5

நடந்ததை மட்டும் சொல்கிறேன். மறுநாள் மிச்சத் தண்ணீரை அப்பாவே சுமந்து வந்தார், எதற்கென்று தெரியாமல். மகள் பாடத்துக்கு என்றால் அவருக்கு அவ்வளவு பெருமை. ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வரைபடத்தின் முன்னால் நின்றார்.

"இதுல நம்ம கடை எங்க பாப்பா?"

வாயாடி அக்காவைப் பார்த்தாள். சொன்ன சொல்லுக்காக அக்கா வாயை மூடிக்கொண்டு நின்றாள். பாவம், அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

பிள்ளை பாட்டிலை வாங்கினாள். குலுக்கினாளா, அப்படியே வைத்தாளா என்று அக்கா சொன்னாள்தான். நான் எழுதப்போவதில்லை. அப்பா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தபடி நீங்களே எழுதுங்கள்.