பேச்சை மாற்றும் பாடம்

காலை ஏழு மணி ஜப்பானிய மொழி வகுப்புக்கு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் இன்ஸ்டிட்யூட் மேனேஜர் குணசேகரன் போன் செய்தார். ஜப்பானில் வேலைக்கு எடுத்துக்கொள்வதாக இருந்த முதியோர் இல்லம் என் மாணவர்கள் பன்னிரண்டு பேரையும் வேண்டாமென்று சொல்லிவிட்டதாம். வேறு நாட்டிலிருந்து ஆள் எடுத்துவிட்டார்களாம்.

"இப்பப் பிள்ளைங்ககிட்ட சொல்லாதீங்க மேடம். ஆயுத பூஜை போகட்டும். வேற எடம் பாத்துட்டு நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

பக்குவமாம், பக்குவம்! ஒன்றரை வருஷமாக இந்த மனிதர் எல்லாவற்றையும் பக்குவமாகத்தான் ஒத்திப்போடுகிறார். கத்தத் தெம்பில்லை எனக்கு. சரி என்று போனை வைத்தேன்.

உள்ளே போனால் முதல் பெஞ்சில் கவிப்ரியா. திருவையாற்றுப் பெண், நர்ஸ். நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் நேராக வந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. பிள்ளைகள் என்னை 'சென்சே' என்றுதான் கூப்பிடுவார்கள், ஜப்பானியத்தில் டீச்சர்.

"சென்சே, இன்னைக்குப் பத்து மணிக்கு ரிசைன் லெட்டரக் குடுத்துடப் போறேன். ஒரு மாசம் நோட்டீஸ் இருக்குல்ல, இப்பக் குடுத்தாத்தான் சரியா இருக்கும்."

அவள் அப்பா இடுப்பு விட்டுப்போய் வயலில் இறங்காமல் மூன்று வருஷம் ஆகிறது. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. 'கொஞ்சம் பொறும்மா' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒருத்தியிடம் சொன்னால் பன்னிரண்டு பேரிடமும் சொன்ன மாதிரி. இந்த வேலை எனக்கும் வேண்டும். வெட்கமாகத்தான் இருந்தது. திரும்பிக்கொண்டு, சுத்தமாக இருந்த போர்டையே துடைத்தேன்.

அன்றைய பாடம் என்ன தெரியுமா? பேச்சை எடுப்பதும் மாற்றுவதும். என் தலையெழுத்து. 'சாதே' என்றால், சரி, விஷயத்துக்கு வருவோம். 'சோயியெபா' என்றால், அட, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. 'தொகோரோதே' என்றால், அது கிடக்கட்டும், வேறொன்று.

"நமக்கு எல்லாத்துக்கும் ஒரே ‘அப்பறம்’தான்" என்றேன். சிரித்தார்கள்.

கூத்தாநல்லூர் சுஹைப் எழுந்து, அது கிடக்கட்டும் சென்சே, டிபன் சாப்பிட்டீர்களா என்று ஜப்பானியத்தில் கேட்டான். கவிப்ரியா, அட, இப்போதுதான் ஞாபகம் வருகிறது, அங்கே குளிருக்கு என்ன போட்டுக்கொள்வது என்றாள். உச்சரிப்பில் ஒரு பிசிறில்லை. மணி எட்டரை ஆகியிருந்தது.

"சென்சே, இப்ப நீங்க ஒண்ணு சொல்லுங்க" என்றாள் அவளே.

தமிழில் சொல்ல வாய் வரவில்லை. ஜப்பானியத்தில் வந்துவிட்டது.

"தொகோரோதே, மினாசான் வா நிஹோன் எ இகேனாகு நாரிமாஷ்தா."

அது கிடக்கட்டும், நீங்கள் யாரும் ஜப்பான் போக முடியாமல் ஆகிவிட்டது.

நான் ஒன்று சொன்னால் வகுப்பே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று பழக்கிவைத்தவள் நான்தான், பாவி. பன்னிரண்டு பேரும் ஒரே குரலில், சிரித்த முகமாக, அதை அப்படியே திருப்பிச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, குனிந்து நோட்டில் எழுத ஆரம்பித்தார்கள். பிறகு ஒவ்வொரு பேனாவாக நின்றது.

"நெஜமாவா சென்சே?" என்றான் சுஹைப்.

"காலையிலதான் போன் வந்துச்சுப்பா. நெஜந்தான்."

கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. கவிப்ரியா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாதியில் நின்ற வாக்கியத்தை எழுத்தெழுத்தாக எழுதி முடித்தாள். ஜப்பானியர்கள் முற்றுப்புள்ளிக்குப் போடும் அந்தச் சின்ன வட்டத்தையும் மறக்காமல் போட்டாள்.