வலது காது

ஜப்பானின் தெற்குத் தீவொன்றில், நாஹா ஊர்ச் சந்தையில் பன்றிக்கறி விற்கும் மகாதோவுக்கு எலும்பு வெட்டக் கை நடுங்கியதில்லை. கட்டிய புருஷனின் காதில் அறையத்தான் கை எழவில்லை.

"உள்ளங்கையைக் குழிச்சு வை. காத்து உள்ள போய்ச் செவிப்பறை கிழியணும். சும்மா தட்டினா வலிதான் மிச்சம்" என்றான் செய்ஜுன், பாயில் முழங்காலிட்டபடி.

"புருஷனை அறைய ஊர்ல எத்தனை பொம்பளைங்களுக்கு ஆசை! எனக்குத்தான் கேக்காமலே வரம் வந்திருக்கு" என்றாள்.

அந்த அடியை அவனுக்குக் கற்றுத் தந்தவர் சீனாவில், ஃபூச்சோ நகரத்து ஹுவாங் ஆசான். வாலிபத்தில் கடல் தாண்டிப் போய், அவர் முன் மண்டியிட்டுத் தேநீர் கொடுத்துச் சீடனாகி, அவர் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவன் செய்ஜுன். அவன் நாஹாவில் கராத்தே என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் அந்த வீட்டு முற்றத்தில் கற்றதுதான்.

இப்போது ஜப்பான் படை ஃபூச்சோவைப் பிடித்துவிட்டது. எதிர்த்து நிற்கும் சண்டை வித்தை ஆசான்களின் வீடுகளை விசாரித்துக் காட்ட, அந்த ஊர்ப் பேச்சு தெரிந்த செய்ஜுன் கூட வர வேண்டுமாம். மாட்டேன் என்றால் உளவாளி என்று சுடுவார்கள். செவிடனை மட்டும் யாரும் மொழிபெயர்க்கக் கூப்பிட மாட்டார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு இடது காதில் அறைந்தாள். ரத்தம் கழுத்தில் இறங்கியது.

"ம், அடுத்தது."

"முடியாது. ஒரு காது எனக்கு வேணும். அப்புறம் நான் திட்டுறதை யார் கேப்பா?"

எவ்வளவு கெஞ்சியும் அவள் மசியவில்லை.

மறுநாள் படை அலுவலகத்தில், "கல் குவாரியில வெடி வெடிச்சுதுங்க. ரெண்டு காதும் போச்சு" என்றாள். அதிகாரி செய்ஜுனின் பின்னால் போய்க் கைதட்டினான். செய்ஜுன் சுவரையே பார்த்து நின்றான்.

"பழகின உடம்பு. கைதட்டுக்கா அசைவான்?" என்று சிரித்த அதிகாரி, மகாதோவை இழுத்துப் புருஷனின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, அவள் சுண்டுவிரலைப் பின்பக்கமாக வளைத்தான்.

கத்தினால் செய்ஜுன் திரும்பிவிடுவான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாலோ, அவனுக்குக் கேட்கும் என்று அவளே காட்டிக்கொடுத்தது போலாகும். விரல் ஒடிந்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

செய்ஜுனின் பாதங்கள் தரையை இறுகப் பற்றின. ஆசான் தடியால் முதுகில் அடிக்க அடிக்க அசையாமல் நிற்கப் பழகிய அதே நிலை. மூச்சு மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. கழுத்து திரும்பவில்லை.

"செவிட்டுப் பயல்! கூட்டிட்டுப் போ."

துறைமுகப் பாதையில் வெகுதூரம் வந்த பிறகும் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேட்டுச்சு" என்றான்.

"தெரியும்."

அதற்கு மேல் அவளால் அழுகையை அடக்க முடியவில்லை. அவனுக்கு வலப்பக்கமாக நடந்துகொண்டிருந்தவள், மெல்லப் பின்தங்கி, கேட்காத காது இருந்த இடப்பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டாள்.