சுவர்ப்பக்கத்துக் கண்டு

பொலிஸ்காரன் இவ்வளவு மரியாதையாக முன்கூட்டியே சொல்லிப்போட்டு வருவான் என்று பரமேஸ்வரி கனவிலும் நினைக்கவில்லை. காலமை பத்து மணிக்கு ரெலிபோன். மேல்வீட்டில் யாரோ மணக்குது என்று முறைப்பாடு செய்திருக்கிறார்களாம், மூன்று மணிக்கு வந்து ஒருக்கால் பார்க்கலாமோ என்று கேட்டானாம். அவளுடைய மனுசன் குலேந்திரன் என்ன செய்திருக்கவேணும்? இன்றைக்கு வீட்டில் நிற்கமாட்டன் என்றாவது இழுத்திருக்கவேணும். மனுசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஓம், என்னட்டை மூண்டு கஞ்சாக் கண்டு நிக்குது. கடையில வாங்கினது, சட்டப்படி சரியானது, ரசீதும் இருக்கு, வாங்கோ" என்று டொச்சு மொழியில் ஒப்புவித்துவிட்டு ரெலிபோனை வைத்தார்.

நின்றது நாலு கண்டு.

ஓர்லிகோன் பகுதியில் அவர்கள் இருக்கிற மூன்றாம் மாடி வீட்டின் சாமான் அறையில், ஒரு நீலத் தொட்டிக்குள் நாலு செடியும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மேலே தொங்கின விளக்கு சின்னது, ஒரு தொட்டிக்குமேல் வெளிச்சம் போதாது. மூன்று கண்டு கடையில் வாங்கினவை, வெறி ஏறாத சாதி. இந்த நாட்டில் அதை வளர்க்கலாம். ஆனால் குலேந்திரனின் காலுக்குள் கிடக்கிற ஷெல் துண்டுக்கு அந்தச் சாதி போதவில்லை. நோ தாங்காமல் முனகுகிற மனுசனைப் பார்த்து, அவர் வேலை செய்கிற ரெஸ்ரோறன்ற் குசினியில் ஒருத்தன் நாலாவது கண்டைக் கொடுத்தான். அது மற்றச் சாதி. ஒன்று வைத்திருந்தாலும் கேஸ்தான்.

கேஸ் என்றால் சும்மா கேஸோ? அடுத்த செவ்வாய்க்கிழமை குலேந்திரனுக்குக் குடியுரிமை நேர்முகம். இருபத்திநாலு வருசம் பாத்திரம் கழுவி, வரி கட்டி, ஒரு பார்க்கிங் தண்டம்கூட வாங்காமல் வந்து சேர்ந்த செவ்வாய்க்கிழமை. பொலிஸில் ஒரு பதிவு விழுந்தால் ஃபைலை மூடிவிடுவார்கள்.

"நீர் ஏன் இப்படிப் பதறுறீர்?" என்றார் குலேந்திரன். "கூடாதது எதெண்டு எனக்குத் தெரியும். சுவர்ப்பக்கத்துக் கண்டு. பேர் எழுதின அட்டை குத்தினால் அதுவே சாட்சியாப் போயிடும் எண்டுதான் எழுதேல்லை. இப்ப வெட்டிவிட்டால் மிச்சம் மூண்டும் சுத்தம்."

பிடுங்கத்தான் பார்த்தார். வேர்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிப்போய், ஒன்றை இழுக்க நாலும் ஆடின. பிறகு கத்தரிக்கோலால் அடியோடு வெட்டி, அடித்தண்டை மண்ணால் மூடிவிட்டு, கண்டைத் துண்டு துண்டாக்கி, மீன் கழிவோடு குப்பைப் பையில் கட்டிக் கீழே கொண்டுபோனார்.

அவர் படி இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் பரமேஸ்வரிக்கு அது பொறிதட்டியது. சுவர்ப்பக்கம். ஐயோ, எந்தச் சுவர்ப்பக்கம்?

ரெண்டு நாளைக்கு ஒருக்கால் தண்ணீர் ஊற்றுகிறவள் அவள். ஊற்றி முடியத் தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைப்பாள். யன்னலடியில் நிற்கிற கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் அப்படித்தான், இல்லாவிட்டால் வெளிச்சத்துப் பக்கம் சாய்ந்துவிடும். சாமான் அறையில் விளக்கு தலைக்குமேலே தொங்குகிறது, திருப்பவே தேவையில்லை. கைக்கு அது தெரியுமோ? ஒரு நாள் கால்வாசி, ஒரு நாள் அரைவாசி. ரெண்டரை மாதம்.

தொட்டிக்கு முன்னால் குந்தினாள். மூன்றையும் மாறி மாறி மணந்து பார்த்தாள். ஒரே மணம். இலையை எண்ணினாள், தண்டைத் தடவினாள், ஒன்று கொஞ்சம் கட்டை, உயரம் குறைவு, அதைவிட ஒரு வித்தியாசமும் இல்லை. நல்லூர்க் கந்தா, இதுக்குள்ள எது?

மூன்றையும் வெட்டி எறியலாம் என்றால், இந்த மனுசன் மூண்டு என்று வாயாலே சொல்லித் துலைத்துவிட்டது. வெறும் தொட்டியைக் கண்டால் அவங்கள் என்ன நினைப்பாங்கள்? இவருக்குச் சொல்லலாமென்றால், உள்ளே இருப்பது அப்படியே முகத்தில் தெரிகிற ஆள். குலேந்திரன் திரும்பி வந்து, கை கழுவி, ரசீதை மேசையில் நீவி நீவி வைத்தபோது அவள் வாயைத் திறந்தாள். "இஞ்சருங்கோ..." என்றாள். வாசல் மணி அடித்தது.

வந்தது ஒரு வயதான பொலிஸ்காரனும் ஒரு இளம் பொலிஸ்காரப் பெட்டையும். சப்பாத்தைக்கூடக் கழற்றினார்கள். குலேந்திரன் தானே முன்னால் போய்ச் சாமான் அறையைத் திறந்துவிட்டார், பெண்பார்க்க வந்தவர்களுக்கு வீடு காட்டுகிறமாதிரி. பொலிஸ்காரன் ரசீதை வாசித்தான், கண்டுகளை எண்ணினான், தலையாட்டினான். பிறகு சட்டைப்பையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு குழாயை எடுத்தான்.

"சும்மா ஒரு சோதனை. சிவப்பு எண்டா நல்லது. நீலம் எண்டா வெறி ஏறுற சாதி."

பரமேஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு துண்டு இலை, ரெண்டு துளி மருந்து, ஒரு குலுக்கு. சிவப்பு.

"பாத்தீரோ?" என்று குலேந்திரன் அவளைப் பார்த்துச் சிரித்தார். பொலிஸ்காரன் குழாயைப் பையில் போட்டான். அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் அந்தப் பெட்டை, "மற்ற ரெண்டையும் பாத்துவிடுவம்" என்றாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் குரல், ஆனால் எமன்.

அடுத்தது கட்டைக் கண்டு. குழாய் குலுங்கியது. முதலில் ஒரு நிறமும் இல்லை. பிறகு அடியிலிருந்து மெல்ல மெல்ல நீலம் ஏறியது.

"இல்லை, இல்லை, பிழை, திரும்பப் பாருங்கோ" என்றார் குலேந்திரன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, பாவம். நல்லதைத்தான் வெட்டி எறிந்தேன் என்று எப்படி விளங்கும்?

பொலிஸ்காரன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தான். "இது யாருடையது?"

குலேந்திரன் வாயைத் திறக்கமுன்னம் பரமேஸ்வரி ரெண்டு எட்டு வைத்து நடுவில் வந்துவிட்டாள். "என்ர," என்றாள் டொச்சில். "இவருக்குத் தெரியாது. நான்தான் வச்சது. நான்தான் தண்ணி ஊத்தினது. ஒவ்வொருக்காலும் தொட்டியைத் திருப்பி வச்சதும் நான்தான்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?" என்று தமிழில் கத்தினார் குலேந்திரன்.

"செவ்வாய்க்கிழமையை நினைச்சுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ."

பொலிஸ்காரன் அவள் பெயரை எழுத்துக் கூட்டச் சொல்லி எழுதத் தொடங்கினான். குலேந்திரன் தொட்டியைப் பார்த்தார், அடித்தண்டை மூடின மண்ணைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"திருப்பினனீரோ?" என்றார். "எப்ப தொடக்கம்?"

"முதல் நாள் தொடக்கம்," என்றாள் பரமேஸ்வரி.