வெள்ளிக்கிழமைக் கறிக்கஞ்சி

அரவை மில் ஓடுகிறவரை ராஜமாணிக்கத்துக்குப் பயமில்லை. அந்த இரைச்சலில் எவ்வளவு இருமினாலும் பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடக் கேட்காது. கரண்டு போனால்தான் வினை. துண்டை வாயில் திணித்துக்கொண்டு, வெள்ளைக்கல் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்துகொள்வார்.

அந்தப் பீங்கான் கம்பெனியில் இருமுகிறவனை வைத்துக்கொள்வதில்லை. போன மாசம் விருத்தகிரி இருமினான். "ஒடம்பத் தேத்திக்கிட்டு வா" என்று சூப்பர்வைசர் ஆனந்தராஜ் தோளில் தட்டி அனுப்பினார். திரும்பி வந்தவனைக் கேட்டுக்குள்ளேயே விடவில்லை.

கறிக்கொழுப்பு தொண்டையில் இறங்கினால் நெஞ்சில் படிந்த மாவும் இறங்கிவிடும் என்பது மில்லுக்காரர்கள் பேச்சு. தவக்காலம் தொடங்கியதிலிருந்து ராஜமாணிக்கம் வீட்டில் கறி இல்லை. ரம்ஜான் மாசமும் கூடவே வந்திருந்தது. பள்ளிவாசலில் தினம் நோம்புக்கஞ்சி ஊற்றினார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் அதில் ஆட்டுக்கறி. அவருக்கோ வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கறி ஆகாது.

அவர் பெண்சாதி பெரியநாயகி மாதாகோயில் சாமியாரிடமே போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"சீக்காளிக்குச் சுத்தபோசனம் கெடையாதாம். தாராளமா தின்னலாம்னுட்டாரு."

"யாருடி சீக்காளி?"

"நீதான்யா. ராவெல்லாம் கட்டிலு ஆடுதே, பேயா ஆட்டுது?"

"சாமியாருகிட்ட எம்பேரச் சொன்னியா?"

"சொன்னா என்னா?"

"ஆனந்தராஜு பூசைக்கு மொத வரிசையில நிக்கிறவன். இவரு அவங்கிட்டச் சொல்ல எம்மா நேரம் ஆவும்?"

சொல்லிவிட்டாரே தவிர, அந்த வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போகும்போது தூக்குவாளியைக் கையோடு எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் பள்ளிவாசல் வாசலில் அலாவுதீன் அண்டாவைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"வாண்ணே. எலும்பாப் பாத்துப் போடட்டா?"

"எலும்பு வேணாம் பாய். மேல மெதக்குறத வழிச்சி ஊத்து."

"பகலெல்லாம் பட்டினி கெடக்குறவன் நானு, கொழுப்பு ஒனக்கா!" என்று சிரித்தபடி அலாவுதீன் ரெண்டு கரண்டி கூடவே ஊற்றினார்.

நோம்பு வைத்தவர்கள் முன்னால் குடிக்கக் கூடாதென்று ராஜமாணிக்கம் சந்துப்பக்கம் ஒதுங்கினார். மூடியைத் திறந்து முகத்தை ஆவியில் காட்டினார். பட்டை, வெந்தயம், ஆட்டுக்கொழுப்பு. அந்த வாசனைக்கே நெஞ்சு கொஞ்சம் இளகியது. வாளியை வாய்க்குத் தூக்கும்போது பக்கத்தில் வண்டி நின்றது.

"என்னாண்ணே, சிலுவைப்பாதைக்கு வரலியா?" ஆனந்தராஜ். அவர் மூக்கு விடைத்தது. "கறி வாசன அடிக்குது. வெள்ளிக்கெழமயாச்சே. ஒடம்பு கிடம்பு சரியில்லியா? சீக்காளின்னா தின்னலாம், தப்பேயில்ல. சும்மா சொல்லுண்ணே."

"எனக்கென்னா சார் கேடு? கல்லாட்டம் இருக்கேன்." இருமல் முட்டியது. எச்சிலைக் கூட்டி விழுங்கினார். "விருத்தகிரி படுத்துக் கெடக்குறான்ல, அவனுக்கு."

"நல்ல மனசுண்ணே ஒனக்கு. போற வழிதான அவன் வூடு? ஏறு. குடுத்துட்டே போவலாம்."

விருத்தகிரி வாசலிலேயே குந்தியிருந்தான். தெருவில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. வாளியை வாங்கி குந்தின வாக்கிலேயே மடமடவென்று குடித்தான். பாதியில் நிறுத்தி வாயைத் துடைத்துக்கொண்டு, ராஜமாணிக்கத்தின் முகத்தையும் தெருவில் நின்ற ஆனந்தராஜையும் பார்த்தான்.

"நீயும் ரெண்டு வாய் குடிண்ணே" என்றான் மெதுவாக.

கொழுப்பு மஞ்சளாக மேலே மிதந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ராஜமாணிக்கம், "ஒனக்குத்தான்டா கொண்டாந்தேன்" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

கோயிலில் ஆனந்தராஜ் அவரைத் தன் பக்கத்திலேயே முட்டிபோட வைத்துக்கொண்டார். காலி வாளி ராஜமாணிக்கத்தின் முட்டியருகே இருந்தது. அதன் உள்சுவரில் கொழுப்பு வெள்ளையாக உறைந்துகொண்டிருந்தது. சாமியார் சிலுவைப்பாதைப் படங்களின் முன் ஒவ்வொரு தலமாக நின்று நின்று ஜெபம் வாசித்தார். நடுநடுவே கோயில் மூச்சுக் காட்டாமல் கிடந்தது. ராஜமாணிக்கம் துண்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"தயவாயிரும் சுவாமி" என்று கூட்டம் ஒரே குரலாகக் கேட்டது. ஆனந்தராஜின் குரல்தான் எல்லாருக்கும் மேலே போனது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ராஜமாணிக்கம் குனிந்து, அவசர அவசரமாக இருமி முடிக்கப் பார்த்தார்.