கை தட்டாத சந்து

அன்ஃபூஷி பேட்டையின் மீன்கடைச் சந்தில் ராவியா இறங்குகிறாள் என்றால் முதலில் கேட்பது கைதட்டல்தான். அண்ணன் சப்ரி பத்தடி முன்னால் போய்ப் படபடவென்று தட்டுவான். பூனைகள் சிதறி ஓடும். மீன்கடைக்காரர் முத்தவல்லி வாளித் தண்ணீரை வீசுவார், இஸ்திரிக் கடை லுத்ஃபி பலகையில் ஓங்கி அடிப்பார். அவள் அண்ணனின் முதுகை மட்டும் பார்த்தபடி ஓட்டமும் நடையுமாக டிராம் நிறுத்தம் போய்ச் சேருவாள்.

எட்டு வயதில், மாடிப்படி இருட்டில், குட்டி போட்டிருந்த பூனையை மிதித்துவிட்டாள். அது கணுக்காலைக் கிழித்தது. இப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது.

வியாழக்கிழமை சப்ரி குவைத்தில் வேலைக்குச் சேர விமானம் ஏற வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. இன்னொரு முறை கேட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அவன் போய்விட்டாலோ ராவியா படியிறங்க மாட்டாள். அவளுடைய மருந்துக்கடை வேலையும் போகும்.

மனநல டாக்டர் நர்மீனிடம் ஆறு வாரமாகச் சிகிச்சை நடந்தது. முதலில் பூனைப் படம், பிறகு வீடியோ, பிறகு கூண்டுக்குள் ஒரு குட்டி, அதன்பின் கூண்டைத் திறந்து வைத்து. ஒவ்வொரு முறையும் ராவியா தன் பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும். அது பாதியாகும்வரை அசையக் கூடாது. அறைக்குள் எல்லாம் நன்றாகத்தான் போனது.

சனிக்கிழமை முதல்முறையாக அதே பயிற்சிக்காக அண்ணனும் தங்கையும் சந்தில் இறங்கினார்கள். ஒரு பூனை பக்கத்தில் வர, அவள் "எண்பத்தஞ்சு" என்றாள். அவள் உதடு வெளுத்ததைப் பார்த்ததும் சப்ரியின் கைகள் தாமாகத் தட்டிவிட்டன. பூனை ஓடியது. அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் மறுநாள் அவளால் வாசலைக்கூடத் தாண்ட முடியவில்லை.

சப்ரி டாக்டரிடம் போய் ஒப்புக்கொண்டான். அவர் கோபப்படவில்லை.

"பூனை கீறினது ஒரே ஒரு நாள். அதுக்கப்புறம் இருபத்தொரு வருஷமா அந்தப் பயத்துக்கு நீங்கதான் சோறு போடறீங்க. நீங்க தட்டறப்பல்லாம் அவ மனசு என்ன கத்துக்குது? நல்லவேளை தப்பிச்சோம், இல்லேன்னா செத்திருப்போம்னு. பயம் ஏறட்டும். அவ நகராம நின்னா அது தானாக் குறையும்."

அன்று மாலை அவன் கடை கடையாக ஏறி இறங்கி, இனி யாரும் விரட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். முத்தவல்லி தலையாட்டினார். லுத்ஃபிக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சியப் பூனைகிட்ட விட்டுட்டு எங்கள வேடிக்கை பாக்கச் சொல்றியா? குவைத் காசு இன்னும் கைக்கே வரல, அதுக்குள்ள நெஞ்சு கல்லாயிடுச்சாடா?"

செவ்வாய்க்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்ததும் முத்தவல்லி மீன் தலைகளை வெளியே கொட்டுகிற நேரம். சப்ரி தன் கைகளை நம்பவில்லை. முப்பது முட்டைகள் அடுக்கிய அட்டை ஒன்றை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சந்தின் ஓரத்தில் நின்றான். ராவியா நடுவில் நின்றாள்.

காதறுந்த மஞ்சள் கடுவன் பூனை ஒன்று மீனை விட்டுவிட்டு அவளை நோக்கி நடந்தது.

"எழுபது," என்றாள். பிறகு, "தொண்ணூறு."

அது அவள் கணுக்காலில், அந்தப் பழைய தழும்பின் மேலேயே, உடம்பை உரசியது.

"அண்ணே."

எண் இல்லை, அவனைத்தான் கூப்பிட்டாள். சப்ரியின் விரல்கள் அட்டைக்குள் புதைந்தன. எதிரே லுத்ஃபி கையை ஓங்கியிருந்தார். சப்ரி தலையை மட்டும் அசைத்தான். ஓங்கிய கை காற்றில் அப்படியே நின்றது. பிறகு மெல்லத் தணிந்து இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டது.

யாரும் தட்டவில்லை. சந்து அவ்வளவு அமைதியாக இருந்து அவன் பார்த்ததே இல்லை. லுத்ஃபி ஒரு சட்டையைத் தேய்த்து மடித்தார், இன்னொன்றை எடுத்தார்.

"எண்பது," என்றாள் ராவியா.

கடுவன் அவள் செருப்பின் மேல் உட்கார்ந்து தன் பாதத்தை நக்கத் தொடங்கியது. மூன்றாவது சட்டை முடிந்தபோது, "அறுபது." ஐந்தாவதில், "நாப்பது."

பூனைக்கு அலுத்துவிட்டது. எழுந்து மீன் தலைகளைத் தேடிப் போனது. அது போகும்வரை அவள் அசையவில்லை.

பிறகு அண்ணனிடம் வந்தாள். அட்டையிலிருந்து மஞ்சள்கரு அவன் முழங்கை வரை வழிந்திருந்தது.

"நாளைக்கு நான் தனியா இறங்கறேன். நீ பால்கனிக்குக்கூட வரக் கூடாது."

"சரி."

"உனக்கு இப்ப எவ்வளவு?"

அவன் யோசித்தான். "தொண்ணூறு இருக்கும்."

"நகராம நில்லு," என்றாள். "குறையும்."